குறுக்கே எந்த மானும் வரவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுக்கே மான் வரவில்லை. காட்டுப்பன்றியும் வரவில்லை. பிரேக் பிடிக்காமல் போகவும் இல்லை. எங்கள் ஜவ்வாது மலையில் அந்த ஜீப் கவிழ்ந்த கதையை இன்றைக்கும் யாராவது டீக்கடையில் சொன்னால் அதில் ஒரு மான் துள்ளிக் குதித்து ஓடும். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் அந்த ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். வெயில் பளிச்சென்று அடித்தது. சாலையில் ஒரு கோழிகூட இல்லை. ஓட்டியவனுடைய ஒரு கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இன்னொரு கையில் போன் இருந்தது.

என் பெயர் மல்லிகா. ஜமுனாமரத்தூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தைப்பேன். என் கணவர் கோவிந்தன் சாமை விதைக்கிறார், பருவத்தில் புளி உலுக்குகிறார். அவருடைய தம்பி சேகர்தான் ஜீப்பை ஓட்டியவன். ஒரே வாசலில் அவன் குடும்பத்துக்கு ஒரு வீடு, எங்களுக்கு ஒரு வீடு. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற எங்கள் பக்கத்தில் பிரசவமோ கல்லூரியோ சந்தையோ, மலையடிவாரத்துக் கணியம்பாடிக்கு இறங்க சேகருடைய ஜீப்தான். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் அவன் காசு வாங்க மாட்டான். நல்லவன். நல்லவன் ஓட்டினாலும் ஜீப் கவிழும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மலையில் போனுக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. காட்டுக்குள் சுத்தமாக வராது. பாதை மலையின் ஓரத்துக்கு வந்து கீழே சமவெளி தெரிகிற வளைவுகளில்தான் கிடைக்கும். அதுவரை வழியில் நின்றுபோன செய்திகள் எல்லாம் அங்கே ஒன்றாக வந்து விழும். எந்த இடத்தில் கண்ணை எடுக்காமல் சாலையைப் பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்தான் போன் கூப்பிடும்.

அன்றைக்குச் சீருடைத் துணி எடுக்க நான் வேலூருக்குக் கிளம்பியிருந்தேன். முன் சீட்டில் நான். என் முதுகுக்குப் பின்னால் புளி மூட்டைகள். அதற்கும் பின்னால் நெருக்கிக்கொண்டு ஆட்கள். கடைசியில் உட்கார இடமில்லாமல் கல்லூரிக்குப் போகிற தீபா என்ற பெண் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மூட்டைகள் மறைத்ததால் முன்னால் நடந்தது பின்னால் இருந்த யாருக்கும் தெரியாது.

அமிர்திக் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு வளைவு. சமவெளி தெரிந்தது. சேகரின் போன் அடுத்தடுத்து நான்கைந்து முறை கூவியது. எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணி! மாடு வுடற திருவிழாவுல நம்ம ஊரு காள ஓடன வீடியோவ அனுப்பிக்கிறானுங்க!"

"அப்புறம் பாக்கலாம் தம்பி. ரோட்டப் பாரு."

"அட, கண்ண மூடிக்கினுகூட எறக்குவேன் அண்ணி, இந்த ரோட்ட."

"மூட வேணாம். தொறந்து வெச்சிக்கினே ஓட்டு."

சிரித்தான். சிரித்துக்கொண்டே, காளை எல்லைக் கோட்டைத் தாண்டுகிற இடத்தை எனக்குக் காட்டுவதற்காகப் போனை என் பக்கம் நீட்டினான். பாதை வலப்பக்கம் திரும்பியது. ஜீப் திரும்பவில்லை. "தம்பி!" என்று நான் கத்தியதும் அவன் ஸ்டீயரிங்கை ஒடித்ததும், இடப்பக்கச் சக்கரங்களுக்குக் கீழே மண் இல்லாமல் போனதும் ஒன்றாக நடந்தன. ஜீப் என் பக்கமாகச் சாய்ந்து, புரண்டு, ஒரு பாறையில் முட்டி நின்றது. என் இடது கால் வண்டிக்கு அடியில் இருந்தது.

வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது வாசனை. டீசலும் நசுங்கிய புளியும் கலந்த வாசனை. அப்புறம் யாரோ ஓடி வந்து, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று கேட்டதும், நெற்றியில் ரத்தம் ஒழுக நின்ற சேகர், "மான்... மான் வந்துச்சு" என்று சொன்னதும் கேட்டது. வண்டிக்கு அடியில் கிடந்தபடி அதை நான் கேட்டேன். பொய் பிறந்த இடத்தில் நான் இருந்தேன்.

ஆட்கள் சேர்ந்து ஜீப்பைத் தூக்கி என்னை இழுத்தார்கள். புடவையைத் தூளிபோலக் கட்டி மேலே ரோட்டுக்குச் சுமந்தார்கள். ஆம்புலன்சில் எனக்குப் பக்கத்தில் தீபாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தூங்குவதுபோல இருந்தாள். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேர் எதற்கு, எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே மாதிரி வெள்ளை விளக்கும், ஒரே மாதிரி ஸ்ட்ரெச்சர் சத்தமும்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டால் மண்ணும் கிருமியும் உள்ளே போய்விடும், அதனால் உடனே மாவுக்கட்டுப் போட்டு மூட முடியாது என்று சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காயத்தைக் கழுவினார்கள். தொடைக்குள் ஒரு கம்பி செருகினார்கள். கீழ்க்காலுக்கு வெளியே ஒரு இரும்புச் சட்டம். சட்டத்திலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு எலும்பில் போய்த் திருகியிருக்கும். மயக்கம் தெளிந்து அதைப் பார்த்தபோது, சாரம் கட்டிய வீடுபோல இருந்தது என் கால்.

அடுத்த நாள் டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். பெரிய டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற என் கணவரிடம் பேசினார். காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, போகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், நீங்கள் சம்மதம் சொல்லி வைக்க வேண்டும் என்றார். கோவிந்தன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயசைப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், கால் என்னோடது. என்னக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயந்துடுவீங்கன்னு பாத்தேன்மா."

"பயமாத்தான் இருக்குது. பயந்துக்கினே கேக்கறேன். சொல்லுங்க."

சொன்னார். கோபித்துக்கொள்ளாமல், நிதானமாகச் சொன்னார். அவர் போன பிறகு ஒரு இளம் நர்ஸ் என் கால் கட்டை விரல் நகத்தை அழுத்திக் காட்டினாள். அழுத்தினால் நகம் வெளுக்கும். விட்டதும் திரும்பச் சிவந்தால் அங்கே ரத்தம் வருகிறது என்று அர்த்தம். சீக்கிரம் சிவந்தால் நல்லது, நேரமானால் கெட்டது. "கையில பண்ணிப் பாருங்கக்கா, தெரியும்" என்றாள். என்னுடைய கால் விரல் எனக்கு எட்டாது. அதனால் நர்ஸ், ஆயா, டாக்டர், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள், யார் என் பக்கம் வந்தாலும் "அந்த நகத்த ஒருவாட்டி அமுக்கிப் பாருங்களேன்" என்பேன். ஒரு கண்ணாடி வாங்கி வரச் சொல்லி அதில் பார்த்துக்கொண்டேன். நகம் சோம்பலாகத்தான் சிவந்தது. சிவக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன்.

காலை எடுக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். பலமுறை தியேட்டருக்குள் போய்க் கழுவினார்கள். வலது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து, காயம் இருந்த இடத்தில் ஒட்டினார்கள். காயத்தைவிட தோல் எடுத்த இடம்தான் நெருப்பாக எரிந்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பெண்கள் எலும்பு வார்டில் நிறையக் கட்டில்கள். படுத்துக் கிடப்பவளுக்குப் பேச்சைத் தவிர என்ன வேலை? கொஞ்ச நாளில் எல்லார் கதையும் தெரிந்துவிட்டது. வண்டியில் அடிபட்டு வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் வண்டி ஓட்டியவர்கள் இல்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்கள். எதிர்க்கட்டில் டீச்சரம்மாவின் கணவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி பைக் ஓட்டியிருக்கிறார். ஜன்னலோரக் கட்டில் பெண்ணின் அண்ணன், தூக்கக் கலக்கத்தோடு, "இதோ வூடு வந்துச்சு" என்று ஓட்டியிருக்கிறான். கேட்டால் டீச்சரம்மா சொல்வார்: "நாய் குறுக்க வந்துச்சு." ஜன்னலோரப் பெண் சொல்வாள்: "ரோட்டுல பள்ளம்." அப்புறம் பழகப் பழகக் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "வெளிய சொல்லாதீங்க" என்பார்கள். அத்தனை பேரும் உடைந்த எலும்போடு படுத்துக்கொண்டு, உடைத்தவர்களுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கும் அந்த வேலை வந்தது. கொண்டுவந்தவள் வள்ளி. சேகரின் மனைவி, என் ஓரகத்தி.

அவளைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை நாளும் அவளளவுக்கு என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. மலையிலிருந்து சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவாள். படுத்தபடியே தலையைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்து, கீழே பக்கெட் வைத்து, என் தலைமுடியை அலசுவாள். சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். படுக்கையிலேயே மலம் கழிக்க வேண்டிய நாட்களில் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டவள் அவள். அன்றைக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

"அக்கா, போலீசுக்காரரு வருவாரு, உன்ன கேப்பாரு."

"வரட்டும்."

"மான் வந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடு அக்கா. பின்னால இருந்தவங்க எதையும் பாக்கல. நீ சொல்றதுதான்."

"வள்ளி, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அதனாலதான் கேக்கறேன். லைசென்சு போய்ட்டா நாங்க இன்னா பண்றது? வண்டி மேல கடன் இருக்குது. புள்ளைங்க இருக்குது. மான் இன்னா வந்து கோர்ட்ல சாட்சி சொல்லப் போவுதா?"

அழுதாள். அழுதபடியே பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். இவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? "பாக்கலாம்" என்றேன். வார்டு வாசலில் என் கணவர் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். உள்ளே வந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அவன் என் தம்பி" என்று மட்டும் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு அந்த மான் எனக்கும் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. கொம்புகூடத் தெரிந்தது.

அதை விரட்டியவர் தீபாவின் அப்பா.

தீபா அதே ஆஸ்பத்திரியில், மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. ஓட்டில் துளை போட்டு அதை வடித்திருந்தார்கள். கண் திறக்கவில்லை. அவள் அப்பா சின்னசாமி நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து விவசாயி. நெல்லிக்காயும் தேனும் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர். அந்த ஆஸ்பத்திரி வாசலைவிட்டு அவர் நகரவே இல்லை. ஒருநாள் என் கட்டிலைத் தேடி வந்தார். நாற்காலி இருந்தும் உட்காராமல் தரையில் குந்தினார்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்மா. அந்த மானு, எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்குங்க கேக்கறீங்க?"

"மேலேர்ந்து வந்துச்சா, கீழேர்ந்து வந்துச்சான்னு தெரியணும். போன வருசம் சாமிக்கு கெடா வெட்டறேன்னு வேண்டிக்கினு வெட்டல. அந்தக் காச பொண்ணுக்கு காலேஜிக்குக் கட்டிட்டேன். கைல ஒண்ணுமில்ல. இப்ப சொல்றாங்க, சாமிதான் மானா வந்துச்சுன்னு. மேலேர்ந்து வந்திருந்தா கோயில் பக்கம். அப்ப நான்தான் எம்பொண்ண இப்பிடி பண்ணிட்டேன்."

அவர் கேட்ட குரலில் அழுகைகூட இல்லை. எந்தக் கடையில் மருந்து கிடைக்கும் என்று கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆளைக் காப்பாற்றச் சொன்ன பொய் மாடிப்படி ஏறிப்போய் இந்த மனிதரின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

"மான் வரலீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்தும் வரல. என் கொழுந்தன் போன்ல மாடு ஓடறத பாத்துக்கினு ஓட்டினான். எனக்குக் காட்டறதுக்கு கைய நீட்டினான். வளைவுல வண்டி திரும்பல. சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்களுக்கும் இல்ல."

அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்ப நான் ஒண்ணும் பண்ல" என்றார். இரண்டு முறை சொன்னார். எழுந்து போய்விட்டார்.

போலீஸ் ஏட்டு வந்தபோது எனக்குத் தயக்கம் மிச்சமிருக்கவில்லை. கணவர் கட்டில் பக்கத்தில் நின்றார். ஏட்டு நல்ல மனிதர். எழுதுவதற்கு முன்பே, "மான் குறுக்க வந்ததா சொல்றாங்க, அப்படித்தானேம்மா?" என்று வழி எடுத்துக் கொடுத்தார். தலையை ஆட்டினால் போதும்.

"இல்லீங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். போன், காளை, படியில் நின்ற பெண், ஏற்றியிருந்த கூட்டம், எதையும் விடவில்லை. ஏட்டு என் கணவரைப் பார்த்தார். "சொந்தக்காரங்க... யோசிச்சு சொல்லலாமே?"

கோவிந்தன் தொண்டையைச் செருமினார். "அவதான் சார் பாத்தது. அவ சொல்றத எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சாயந்தரம்வரை வரவில்லை. மலைக்குப் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். வந்தார். கால்மாட்டில் நின்று, குனிந்து, நர்ஸ் செய்வதைப்போலவே என் கட்டை விரல் நகத்தை அழுத்தினார். விட்டார். உற்றுப் பார்த்தார். "நல்லா செவக்குது" என்றார்.

வள்ளி வருவது நின்றது. கஞ்சி நின்றது. தலைமுடி சிக்குப் பிடித்தது. பக்கத்துக் கட்டில் பெண்கள் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். ஜன்னலோரப் பெண்ணின் அம்மா எனக்கும் சேர்த்து இட்லி வாங்கிவந்தார். எதிர்க்கட்டில் டீச்சரம்மா ஒரு நாள் தன் கணவர் ஆரஞ்சுப்பழத்தோடு வந்ததும், வார்டே கேட்கிறாற்போலச் சொன்னார்: "நாயும் வரல, பேயும் வரல. நீங்க போன் பேசிட்டு ஓட்டினீங்க. இனிமே யார் கேட்டாலும் அதத்தான் சொல்லப் போறேன்." மனிதர் ஆரஞ்சுப்பழத்தைக் கையில் வைத்தபடி நின்றார். நாங்கள் எல்லாரும் போர்வைக்குள் சிரித்தோம். விலா எலும்பு உடைந்தவள்கூட வலியோடு சிரித்தாள்.

பிறகு சேகர் வந்தான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. கண் சிவந்திருந்தது.

"என்ன மாட்டி வுட்டுட்டீங்களே அண்ணி. எத்தினி வாட்டி உங்கள காசு வாங்காம ஏத்திக்கினு போயிருப்பேன்!"

"ஆமாம் தம்பி, ஏத்திக்கினு போன. இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"ஒரு வார்த்த மாத்தி சொன்னா உங்க தலையா போயிடும்?"

கட்டுப் பிரித்துக் காயத்துக்கு மருந்து வைக்கிற நேரம் அது. நர்ஸ் போர்வையை விலக்கினாள். சட்டமும் கம்பியும், ஒட்டிய தோலும், சதை குழிந்துபோன இடமும் தெரிந்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாக்க முடியலல்ல?" என்றேன். "நான் தெனம் பாக்கறேன். எங்கிட்ட சண்ட போடறதுக்கு முன்னாடி மாடிக்குப் போ. படில நிக்க வெச்சிக்கினு வந்தியே, அந்தப் பொண்ணப் பாத்துட்டு வா. அவ அப்பன், சாமிக் குத்தம்னு நெனச்சிக்கினு அங்க உக்காந்திருக்காரு. பாத்துட்டு வந்து இன்னா கேக்கணுமோ கேளு."

போனான். என்னிடம் திரும்பி வரவில்லை. மறுநாள் சின்னசாமிதான் சொன்னார். சேகர் கண்ணாடிக் கதவு வழியாகத் தீபாவைப் பார்த்திருக்கிறான். வெளியே வந்து இவர் காலடியில் உட்கார்ந்து, "போன் பாத்துக்கினு ஓட்டினேன். மானெல்லாம் இல்ல" என்று சொல்லியிருக்கிறான்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எழுந்து போடான்னேன். அடிக்கல. மன்னிக்கவும் இல்ல. எம்பொண்ணு கண்ணத் தொறக்காம எனக்கு எதுவும் சொல்ல வராது."

தீபா கண் திறந்தாள். ஒரு காது இன்றுவரை கேட்பதில்லை. படித்தது மறந்துபோகிறது, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். ஒரு வருடம் விட்டுத் திரும்பக் கல்லூரிக்குப் போகிறாள். சேகர் கோர்ட்டில் உண்மையையே ஒப்புக்கொண்டான். லைசென்சைப் பிடித்து வைத்தார்கள். ஜீப்பைக் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவன் இப்போது அண்ணனோடு நிலத்தில் வேலை செய்கிறான். என்னோடு பேசுவதில்லை. வள்ளி ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள், அதுவும் குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தபடி. அவர்களுக்கு நடந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சொன்னதில் வருத்தம் இல்லை.

இரும்புச் சட்டத்தைக் கழற்றிய பிறகு நடக்கப் பழக்கினார்கள். நாள்கணக்கில் மடக்காமல் வைத்த முழங்கால் துருப்பிடித்த கீல்போல இறுகிவிடும். அதை மடக்க மடக்கத்தான் இளகும். மடக்கும்போது கண்ணில் பூச்சி பறக்கும். பெரிய டாக்டர் ஒருநாள், "தையல் மெஷின் மிதிக்கிறத மறந்துடுங்கம்மா. உக்காந்து கையால செய்யிற வேல ஏதாவது பாருங்க" என்றார். மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார்.

"எங்க ஊருல கரண்டு இருந்தாதானே சார் மோட்டாரு? கால விட்டுட்டீங்க இல்ல, அப்ப மிதிப்பேன்."

பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் ஒரு மரப்பலகை கேட்டு வாங்கினேன். அதற்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக் குதிகாலும் விரலுமாக மாற்றி மாற்றி அழுத்தினேன். வார்டில் எல்லாரும் தூங்குகிற மத்தியான வேளையில் என் பலகை மட்டும் டக் டக் என்று கேட்கும். அழுதுகொண்டே மிதித்த நாட்கள் உண்டு. யாராவது, "வேணாம்மா, விடும்மா" என்றால் கூடுதலாக மிதிப்பேன்.

மலைக்குத் திரும்பியபோது கடைக்கு வாடிக்கை குறைந்திருந்தது. "கொழுந்தனக் காட்டிக் குடுத்தவ" என்று எனக்குப் பேர் வந்திருந்தது. சொல்லட்டும். ரவிக்கை சரியாக உட்கார வேண்டும் என்றால் எப்படியும் என்னிடம்தான் வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். வலது கால் மிதிக்கிறது, இடது கால் முனகிக்கொண்டே கூட வருகிறது. முன்னைவிட மெதுவாகத் தைக்கிறேன். தையல் கோணுவதில்லை.

போன மாதம் டாக்டர் காலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். நானும் கணவரும் வேறொருவர் ஜீப்பில் இறங்கினோம். ஓட்டியவன் சின்ன வயதுக்காரன், எனக்குப் பழக்கமில்லை. நான் முன் சீட்டில், கோவிந்தன் பின்னால். சமவெளி தெரிகிற ஒரு வளைவில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். "சொல்றா மச்சான்" என்றான். ஒரு கையால் வளைத்தான்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றேன்.

"ஒரே நிமிசம்க்கா."

"நிறுத்து!"

நிறுத்தினான். என் கைத்தடியைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஓ, நீங்கதானா அந்த டெய்லரு அக்கா?" என்று சிரித்தான். "நான் நல்லா ஓட்டுவேன்க்கா, பயப்படாதீங்க. பிடிக்கலன்னா எறங்கி நடந்துதான் போவணும். கணியம்பாடி எவ்ளோ தூரம் தெரியும்ல? இந்தக் காலோட எப்டிப் போவீங்க?"

"மெதுவாப் போவேன். போய்ச் சேருவேன்."

தடியை ஊன்றி இறங்கினேன். பின்னால் தொப்பென்று யாரோ குதிக்கிற சத்தம். என் கணவர். நேரே டிரைவர் பக்கம் போனார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வெளி ஆளிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அவ நடந்தா நானும் நடப்பேன். நாங்க எதுக்கு நடக்கறோம்னு வழில பாக்கறவங்க எல்லாருகிட்டயும் உம்பேரச் சொல்லிக்கினே நடப்பேன்."

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, சொல்லல" என்றாள். நெல்லிக்காய்க் கூடைக்காரர் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நீ பேசி முடிப்பா. நாங்க நிக்கறோம்" என்றார். இரண்டு பேர் உள்ளேயே உட்கார்ந்து, நேரமாகிறது என்று எங்களைத் திட்டினார்கள். டிரைவர் எங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். போனில் மச்சான் இன்னும் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பேச்சைத் துண்டித்தான். "ஏறுங்க" என்றான்.

நான் ஏறவில்லை. கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனை என் உள்ளங்கையில் வைத்தான். எல்லாரும் ஏறினோம். அவன் இரண்டு கையாலும் ஓட்டினான். வளைவுக்கு வளைவு அது என் மடியில் அடித்துக்கொண்டே வந்தது. கணியம்பாடி வந்து சேரும்வரை யாரும் அதை எடுக்கவில்லை.